படகு ஓட்டிய கரடி

தம்பி,

நீ திங்கட்கிழமை ரயில் ஏறுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே போனைப் பார்ப்பாய், எனக்கும் பேச்சு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பேச்சு எனக்குச் சுலபமாக வரும் என்பது உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இப்போது பயம். எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. எட்டாவதோடு நின்றவன் நான். வண்டி காத்துக்கிடந்த இடங்களிலெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துத் தேறிய எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வேலை உத்தரவைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாய். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். முதல் வேலையாக ஒடிசா போய், அங்கே கிராமம் கிராமமாகப் பேசி, தையல் வேலைக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும், கம்பெனியே ஆஸ்டல் கட்டி வைத்திருக்கிறது, முன்னாலேயே வந்த ஒடியாப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்றாய். டிகிரி முடித்த கையோடு பிள்ளைக்கு ஆபீசர் என்று பேர் வந்ததில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. உன் சான்றிதழ்களைத் தேடி இரும்புப் பெட்டியைக் கிளறும்போதுதான் அந்தப் பழைய விசிடி அகப்பட்டது. அட்டையில் தொப்பி போட்ட கரடி, ஒரு படகு, பின்னால் பனிமூட்டம். "இது இன்னும் இருக்காப்பா" என்று வாங்கிச் சட்டையில் துடைத்து, பிளேயரில் போட்டாய். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். கரடி பாட ஆரம்பித்ததுமே நீ சிரித்தாய், கூடவே பாடினாய். படம் பாதி ஓடுவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்து, "ஏம்ப்பா எந்திச்சு வந்துட்டீங்க, பிடிக்கலையா?" என்று கேட்டாய். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றேன். அது பொய். நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் என்று தெரிந்தது. அதனால் எழுந்தேன். இந்தப் படத்தை முதல்முறை பார்த்த அன்றைக்கு நீ சிரிக்கவில்லை, தம்பி. அன்றைக்கு நம் வீட்டில் இருந்தது மூன்று பேர் அல்ல. நான்கு பேர்.

அப்போது நீ ஆறாம் வகுப்பு. மங்கலம் ரோட்டில் லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் பொங்கலூர் தாண்டி ஒரு நூல் மில்லில் வேன் ஓட்டினேன். பள்ளியில் அப்பா தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் "டிரைவர்" என்று எழுதிக்கொண்டு வருவாய். என் வேலை ஸ்டியரிங்கில் இல்லை, வாயில் இருந்தது. நம் ஊர்ப் பக்கம், சங்கரன்கோவிலைச் சுற்றி மழை இல்லாமல் காய்ந்து கிடந்த கிராமங்களுக்குப் போவேன். பெரிய பெண்பிள்ளை இருக்கிற வீடு எது என்று விசாரிப்பேன். உட்கார்ந்து பேசுவேன். மில் ஆஸ்டலில் மூன்று வருஷம் தங்கி வேலை பார்த்தால் முடியும்போது கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி மொத்தமாகக் கொடுப்பார்கள் என்பேன். மேனேஜர் என்னை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. நான் அந்த ஊர்ப் பேச்சு பேசுகிறவன். "பிள்ளைய அனுப்புங்க மதினி, நான் இருக்கேம்லா அங்க" என்று சொன்னால் போதும். மில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்த "நான் இருக்கேம்லா" என்ற சொல்லை நம்பித்தான் பிள்ளையைக் கொடுத்தார்கள்.

அப்படிக் கூட்டி வந்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். என் பெரியப்பா மகன் முத்தையா அண்ணனின் மகள். உனக்கு அக்கா முறை, பேச்சியக்கா என்று நீ அவள் முதுகிலேயே தொங்குவாய். ஒன்பதாவது பாதியில் நின்றவள். பதினைந்து வயது. ஃபாரத்தில் பதினெட்டு என்று எழுதியது நான்தான், என் கையெழுத்துதான். புறப்படும்போது அவள் அம்மா, என் மதினி, வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இவளுக்கு இடி இடிச்சா பயம். ஒத்தையில படுக்க விட்டுராதீங்க" என்றாள். சரி மதினி என்றேன். அன்றைக்கு ஏறிய பிள்ளைகள் மதுரை வரை பாட்டு, திண்டுக்கல் வரை பாட்டு, ஒட்டன்சத்திரத்தில் காபி குடித்துவிட்டு அப்புறமும் பாட்டு. தாராபுரம் தாண்டி, மில்லின் நீள மதில் கண்ணில் பட்டதும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். பின்னால் கேட் மூடிய சத்தம் கேட்டபோது வேனுக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அது எனக்குப் பழக்கப்பட்ட அமைதி. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அப்படித்தான் ஆகும். நான் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன்.

எட்டு மாதம் அவளை வெளியே விடவில்லை. தீபாவளிக்கும் இல்லை, வேலை அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மேனேஜரிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு, நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். "உங்க அண்ணம் புள்ளைங்கறதால உடறனுங்க டிரைவரே. பொழுதுக்குள்ள கொண்டாந்து உட்டுப்போடோணும்" என்றார். அவர் யாரிடமும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு "ங்க" இருக்கும். பேச்சி மெலிந்து போயிருந்தாள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடிக்குள் சிக்கியிருந்த பஞ்சை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்காகவே பிளேயரை வாடகைக்கு எடுத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்தில் விற்ற அந்த விசிடியை நீ அடம்பிடித்து வாங்கியிருந்தாய். பேச்செல்லாம் இங்கிலீஷ். ஒரு பழைய வெள்ளைக்கார நாவலைக் கார்ட்டூனாக எடுத்திருக்கிறார்கள் என்று அட்டையில் போட்டிருப்பதை நீ எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாய். உனக்கும் பாதிதான் புரிந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

கதை உனக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் பார்த்தது எப்படி என்று சொல்கிறேன். காடு காய்ந்துவிடுகிறது. ஆற்றின் அக்கரை மட்டும் பனிமூட்டத்துக்குள் பச்சையாகத் தெரிகிறது. கரடியிடம் படகு இருக்கிறது, நல்ல தொப்பி இருக்கிறது, கேட்டால் யாருக்கும் மனசு இளகிவிடுகிற குரல் இருக்கிறது. முயல், வாத்து, அணில் எல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து ஏறுகின்றன. படகு பனிக்குள் போகிறது. திரும்பும்போது கரடி மட்டும் பாடிக்கொண்டு வருகிறது. போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், நன்றாக இருக்கிறார்கள் என்று கரடிதான் சொல்கிறது. ஒரு முள்ளெலிக் குட்டி கரையை விட்டு நகராமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கரடி புதிதாக ஒரு சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருகிறது. அது அதற்கு முன் போன வாத்துத் தாயின் துணி. முள்ளெலியின் முகத்தை மட்டும் காட்டுவார்கள். நான் அப்போது திரும்பிப் பேச்சியைப் பார்த்தேன். முறுக்கை வாய்வரைக்கும் கொண்டுபோனவள் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நீ அவள் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தாய்.

படம் முடியும் முன்பே நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க கூட்டிட்டு வர்ற அக்காங்கள்லாம் எப்பப்பா திரும்பிப் போவாங்க?" என்று கேட்டாய்.

"மூணு வருஷம் முடிஞ்சா போவாங்க."

"நீங்க கூட்டிட்டு வரும்போது வண்டி நிறைய ஆளு இருக்கு. ஊருக்குப் போகும்போது காலியாத்தான போறீங்க."

அம்மா உன்னை அதட்டினாள். பேச்சிதான் மெதுவாகச் சொன்னாள், "சித்தப்பா, என்னைய ஊர்ல கொண்டு விட்டுருங்க." என்னம்மா, வேலை கஷ்டமா என்று கேட்டேன். "வேலை கஷ்டம்னு சொல்லல சித்தப்பா. ஒரு ஷிப்டு முடிஞ்சு படுத்தா விசில் அடிச்சு எழுப்பி அடுத்த ஷிப்டுக்கு ஆள் குறையுதுன்னு கூட்டிட்டுப் போறாங்க. அதுகூட செஞ்சிரலாம். கதவ வெளிய பூட்டுறாங்க. வீட்டுக்குப் போன் பேசுனா வார்டனம்மா பக்கத்துலயே நிக்காங்க. நல்லா இருக்கேம்னு சொல்லி வச்சிருதேன். நல்லா இருக்கேம்னு சொல்லிச் சொல்லி எனக்கே பயமா இருக்கு" என்றாள். அழவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, நாளைக்கே கொண்டு விட்டுட்டு வந்துருங்களேன்" என்றாள். வேன் வாசலில் நின்றது. சாவி என் பையில் இருந்தது. அன்றைக்கே கிளம்பியிருந்தால் ஏழெட்டு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நான் பேசினேன், தம்பி. எனக்கு எது வருமோ அதைச் செய்தேன். இன்னும் ரெண்டு வருஷம்தானே தாயி, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும், இப்பப் பாதியில போனா இத்தன நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிரும், ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்க, நான் பக்கத்துலதான இருக்கேன், நான் வார்டனம்மாட்டச் சொல்லுதேன் என்றெல்லாம் பேசினேன். அடித்து மிரட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் அன்பாகப் பேசினேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு நான் வார்டனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பொழுது சாயும் நேரம் கிளம்பும்போது அவள் செருப்பைக் காணவில்லை. நீ எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டிருந்தாய். "அக்கா போக வேண்டாம்" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். நான் உன்னை அறைந்தேன். உன் காதோடு சேர்த்து அறை விழுந்தது. அதுவரை உன்மேல் கை வைத்ததில்லை. பேச்சி ஈரச் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, உன் கன்னத்தைத் தடவிவிட்டு வேனில் ஏறினாள். வழக்கமாக மில் கேட் வரைக்கும் என்னோடு வர அடம்பிடிப்பவன் அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு நான் அந்த வேலையை விடுகிறவரைக்கும் நீ என் வேனில் ஏறவே இல்லை. மழை பெய்தாலும் பள்ளிக்கு நடந்தே போனாய். பிள்ளைக்குப் பிடிவாதம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பிடிவாதம் இல்லை, என்னைப் பார்த்துப் பயம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

சில வாரம் போயிருக்கும். காலை ஷிப்டு மாறுகிற நேரத்தில் மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "உக்காருங்க டிரைவரே" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. டீ வரவழைத்தார். நான் இரண்டு வாய் குடித்த பிறகு சொன்னார். "உங்க அண்ணம் புள்ள ஆஸ்டல் மாடிக்குப் போயி மதுலுப் பக்கம் குதிச்சுப்போடுச்சுங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. தொடை எலும்புதானுங்க. ஆசுபத்திரியில சேத்தியாச்சு. ஊட்டுல சொல்லறப்ப பாத்ரூம்ல வழுக்கி உழுந்துருச்சுன்னு சொல்லிப்போடுங்க. குதிச்சுதுன்னா பெத்தவங்க மனசு தாங்காதில்லீங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கும் பேரு கெட்டுப்போயிரும் பாருங்க." மில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் அவள் நன்மைக்காகவே இருந்தது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மீதி டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கட்டுப் போட்டு, கொஞ்ச நாள் கழித்து, வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை விரித்து அவளை ஊருக்குக் கொண்டுபோனேன். திண்டுக்கல்லில் தண்ணீர் கொடுக்க நிறுத்தினேன். "அப்பாட்ட என்ன சொல்லப் போறீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டில் நான் சொன்னபடியே சொன்னேன். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். அவள் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மதினி, "பாத்து நடக்கத் தெரியாதா உனக்கு" என்று அவளைத் திட்டினாள். முத்தையா அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ அங்க இருக்கப் போய்ப் பிள்ள உசிரோட வந்தா" என்றார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் நினைவில் இல்லை. இந்த நன்றி நினைவில் இருக்கிறது.

பொய் சொன்ன இடத்திலேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதே மில்லிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகள், பேச்சி குதித்தாள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலோ வழுக்கி விழுந்தாள் என்கிறார்கள். அப்படியானால் மறைக்கிற மாதிரி ஏதோ நடந்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. எவனோ ஒருத்தன் பேரை வைத்துப் பேசினார்கள். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை. பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். நொண்டிக் காலுக்காகத் திரும்பினவர்களைவிட இந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பினவர்கள் அதிகம். மதினி கடைசிவரைக்கும் மகள் எதையோ ஒளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனாள். அந்தச் சாவுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம், நீ பரீட்சை என்று வரவில்லை. பேச்சி எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அந்த வேலையை மனசு கேட்காமல் விட்டேன் என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். பேச்சியை ஊரில் விட்டுவிட்டு வந்த பிறகு இன்னும் இரண்டு வருஷம் அதே வேனில் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். நம் ஊர்ப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் போனேன், அவ்வளவுதான். கண்ணில் புரை விழுந்தது, வண்டி ஓட்ட முடியாமல் நின்றேன். கண் நன்றாக இருந்திருந்தால் எத்தனை நாள் ஓட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஃபீஸ் கட்டியது அந்த வேலைதான். அதை உன் தலையில் வைக்க எழுதவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு நீ போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என்னைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை, தம்பி. நீயே கேட்டுப் பார். கெட்டவன் வந்து கேட்டால் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? வாசலில் நின்று பேசுவதற்கு நல்ல முகம் வேண்டும். உன்னை அந்தக் கம்பெனி எதற்காக எடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. உன் மார்க்குக்காக இல்லை. உனக்கு முகத்தில் கள்ளம் இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறாய், பேசினால் அன்பு தெரிகிறது. இதெல்லாம் நானும் அம்மாவும் உனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைத்தான் அவர்கள் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

நீ உன் ரூமுக்குத் திரும்பிய மறுநாள், அம்மா வேலைக்குப் போன பிறகு, அந்தப் படத்தை நான் தனியாக மறுபடி போட்டு முழுசாகப் பார்த்தேன். உனக்கு இப்போது வசனமெல்லாம் புரிகிறது, அதனால் சிரிப்பு வருகிறது. எனக்கு இப்போதும் பேச்சு புரியவில்லை, படம்தான். முதல் தடவை கவனிக்காத ஒன்றைப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு மணி அடிக்கும். அடிக்கிறவனைக் காட்டவே மாட்டார்கள். மணி கேட்டதும் கரடி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுக்கும். அதன் தோள் ஒடுங்கும். பிறகு கரையில் நிற்பவர்களைப் பார்த்து மறுபடி சிரிக்கும். எனக்கும் மில்லிலிருந்து அப்படி ஒரு போன் வந்துகொண்டிருந்தது. நாளைக்குப் புது மெஷின் ஓடணும், ஆள் எத்தனை என்று. படத்தின் முடிவில் முள்ளெலி படகுக் கயிற்றைக் கடித்து அறுத்துவிடுகிறது, எல்லாரும் திரும்பி வந்து ஆடுகிறார்கள். யாருக்கும் கால் ஒடியவில்லை. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம், அப்படித்தான் முடிக்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். முத்தையா அண்ணன் தளர்ந்துவிட்டார். பேச்சி முன் அறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயசை மாற்றி எழுதியது, அவள் கேட்டும் நான் கொண்டுவந்து விடாதது, குதித்தது, நான் சொன்ன பொய். அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வெளிய வா. இத அங்க வந்து சொல்லு" என்று என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம், ஆட்கள் நிறைய இருந்தார்கள். நான் சொன்னேன். "பேச்சி வழுக்கி விழல. பூட்டி வச்சு வேலை வாங்குனாங்க, அதான் குதிச்சா. அவமேல ஒரு தப்பும் கிடையாது. பொய் சொன்னது நான்." ஒருத்தர் கிளாசைக் கீழே வைத்தார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். "இத உங்க மதினி இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா" என்று போகிற போக்கில் சொன்னார்.

பையை எடுக்க நான் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பேச்சி மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே, "தம்பி என்ன பண்ணுதான் சித்தப்பா?" என்று கேட்டாள். பத்து வருஷத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. உனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். எங்கே போகப் போகிறாய், யாரைக் கூட்டி வரப் போகிறாய் என்று சொன்னேன். மெஷின் நின்றது. "அவனா?" என்றாள். அதற்கு மேல் ஏதாவது சொல்லுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

திரும்பி வந்த அன்றைக்கே, நீ சொன்ன அடையாளத்தை வைத்து, உன் கம்பெனி ஆஸ்டலைப் பார்க்கப் போனேன். உன் பேரைச் சொல்லவில்லை. நல்ல கட்டடம்தான், புது பெயிண்ட். ஜன்னலுக்கெல்லாம் கம்பிக்கு மேல் வலை அடித்திருக்கிறார்கள். கேட்டில் இருந்த வடக்கத்தி வாட்ச்மேனிடம், என் பிள்ளை உள்ளே இருக்கிறாள், கொஞ்சம் வெளியே கூட்டிப்போய் வரட்டுமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "சண்டே. செகண்ட் சண்டே" என்று சிரித்தார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து மேல் ஜன்னலிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நான் கையை விரித்தேன். அவள் அதையே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டாள். மெதுவாகச் சொன்னால் எனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். பிறகு பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பினாள், ஜன்னலில் ஆள் இல்லை. வாட்ச்மேனிடம் என்ன கேட்டாள் என்றேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

பேச்சி என்னிடம் கேட்டது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிந்தும் விட்டுவிட்டு வந்தேன். நீ கூட்டி வரப்போகும் பிள்ளைகள் கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் புரியக்கூடப் போவதில்லை. உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இருபத்தொரு வயது ஆள் நீ, உன் வேலை உன் முடிவு. ஆனால் திங்கட்கிழமைக்குள் ஒருநாள், ஒடியா தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு அங்கே போ. ஆபீசர் என்று சொன்னால் உனக்குக் கேட்டைத் திறப்பார்கள். வார்டன் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளையிடம் பேசு. அவள் என்னிடம் என்ன கேட்டாள் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் ரயில் ஏறலாம் என்று தோன்றினால் ஏறு. இரண்டாவது மாடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஜன்னல். பச்சைச் சுடிதார். வயது பதினைந்துக்கு மேல் இருக்காது.

அப்பா